தோல்வி பற்றிய விவாதம்: ஆங்கிலக் கிண்ணப் போட்டிகளும் உழைக்கும் இரசிகரும்

1

சிற்றூர் ஒன்றின் உதைபந்தாட்டக் கழகம், தன்னிலும் பன்மடங்கு செல்வமும் புகழும் வாய்ந்த கழகம் ஒன்றைக் கிண்ணப் போட்டியிற் சந்தித்துத் தோற்றுவிடுகின்றது. ஆட்டம் தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடும். அது பற்றிய விவாதம் அவ்வாறு முடிவதில்லை. மைதானத்திலிருந்து திரும்பும் வழியிலும், மதுச்சாலையிலும், திங்கட்கிழமை காலையில் வேலைத்தலத்திலும் அது தொடர்கின்றது. மானத்தைக் காப்பாற்றினார்கள், அது போதும் என்பர் ஒரு சாரார். வென்றிருக்க வேண்டிய ஆட்டம், முதற்பாதியில் அஞ்சிப் பின்வாங்கியதே பிழை என்பர் மறுசாரார். இவ்விரு கூற்றுகளும் வெறும் விளையாட்டுப் பேச்சு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. அவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாறு வர்க்க உறவுகளின் வரலாற்றோடு பின்னிப்பிணைந்தது என்பதையும் இங்கிலாந்தின் கிண்ணப் போட்டிகளை ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

இலக்கிய விமர்சனத்தைத் துறையாகக் கொண்ட நாம் இப்பொருளை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் விமர்சனம் என்பது கற்றோர் குழாத்துக்கு மட்டும் உரிய தொழில் என்ற எண்ணமே மறுபரிசீலனைக்குரியது. மார்க்சிய மரபிலும் இது பற்றி ஒருமித்த கருத்து இருந்ததில்லை. அந்தோனியோ கிராம்சி 1918 இல் ‘அவந்தி’ பத்திரிகையில் எழுதிய சிறு கட்டுரையில், விதிகளுக்கு உட்பட்டுத் தனிமனித முயற்சி வெளிப்படும் உதைபந்தாட்டத்தை முதலாளித்துவச் சமுதாய அமைப்பின் பிரதிபிம்பமாகக் கண்டார். சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963 இல் வெளியிட்ட நூலில், மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் ஆட்டத்தைக் குடியேற்றவாதத்துக்கு எதிரான அரசியலிலிருந்து பிரிக்கவியலாதெனக் காட்டினார். இவற்றுக்கு மாறாக, டெரி ஈகிள்டன் 2010 இல் ஆங்கில நாளிதழொன்றில் எழுதிய கட்டுரையில், உதைபந்தாட்டம் முதலாளித்துவத்தின் உற்ற துணை என வாதித்தார். தமது தொழிலில் அறிவுக்கு இடமில்லாத மக்கள், ஆட்டத்தின் வரலாற்றையும் நுட்பங்களையும் ஆராய்வதில் வியத்தகு புலமை காட்டுகின்றனர் என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார். எனினும், அரசியல் மாற்றத்தை உண்மையாக விரும்புவோர் இவ்வாட்டம் ஒழிக்கப்பட வேண்டும் என்பதை மறுக்கவியலாது என்பதே அவரது முடிவு.

ஈகிள்டன் ஒப்புக்கொண்டு கடந்து சென்ற அந்தப் புலமையே எமது அக்கறைக்குரியது. அது எவ்வாறு தோன்றிற்று? எதைப் பற்றிப் பேசுகின்றது? ஆட்டம் எவ்வாறு அமைந்தது என்ற வினாவினுள், கழகம் எவருடையது என்ற வினாவும் உறைந்திருக்கின்றது என்பதே எமது கருத்தாகும்.

2

எந்தப் பண்பாட்டு வடிவத்துக்கும் ஒரு பொருளியல் அடித்தளம் உண்டு. உதைபந்தாட்டத்தைப் பொறுத்தவரையில் அது சனிக்கிழமைப் பிற்பகலாகும். 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளிற் பெண்களும் இளையோரும் சனிக்கிழமைகளிற் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் வேலை செய்வதைத் தடுத்தது. அவர்களின்றி ஆலைகள் இயங்க முடியாதிருந்தமையால் ஆண் தொழிலாளரும் அவ்வோய்வைப் பெற்றனர். பல்லாண்டுப் போராட்டத்தின் பேறாகக் கிடைத்த இவ்வோய்வு நேரமின்றி, லங்காஷயரின் ஆலை நகரங்களில் ஆட்டக்காரரும் இல்லை, பார்வையாளரும் இல்லை.

ஆயின் ஆட்டத்தின் விதிகளும் நிருவாகமும் வேறொரு வர்க்கத்தின் கையில் இருந்தன. 1863 இல் இலண்டனில் அமைக்கப்பட்ட உதைபந்தாட்டச் சங்கம், உயர்குடியினர் பயிலும் தனியார் கல்லூரிகளிலிருந்து வெளிவந்தோரின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தது. அச்சங்கத்தின் செயலாளர் சார்ள்ஸ் அல்கொக் 1871 இல் கிண்ணப் போட்டியை முன்மொழிந்தபோது, தாம் பயின்ற ஹரோ கல்லூரியின் இல்லங்களுக்கிடையிலான போட்டியையே மாதிரியாகக் கொண்டார். முதலாண்டிற் பங்குபற்றிய கழகங்கள் 15. 1872 முதல் 1882 வரை கிண்ணம் பழைய மாணவர் குழுக்கள், இராணுவப் பொறியியலாளர், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தினர் முதலிய தென்புலத்தாரிடமே இருந்தது.

இப்பின்னணியிலேயே 1879 ஆம் ஆண்டின் காலிறுதிப் போட்டியை நோக்குதல் வேண்டும். லங்காஷயரின் நெசவாலை நகரமான டார்வெனின் கழகம், ஈட்டன் கல்லூரிப் பழைய மாணவரின் கழகத்தை எதிர்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டில், 1878 இல், ஆலை முதலாளிகள் கூலியில் நூற்றுக்குப் பத்து வீதத்தைக் குறைக்க முற்பட, வட லங்காஷயர் நெசவாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்தனர். அயல் நகரான பிளாக்பேர்னில் முதலாளிகளின் தலைவர் ஒருவரின் மாளிகை தீக்கிரையாக்கப்பட்டது. தொழிலாளர் தோல்வியுற்றனர். அத்தோல்வியின் வடு ஆறுமுன்னரே டார்வென் இலண்டனுக்குப் புறப்பட்டது.

ஓவல் மைதானத்தில் நடைபெற்ற முதல் ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் 5–1 எனப் பின்தங்கியிருந்த டார்வென், இறுதிக் கால்மணி நேரத்தில் நான்கு கோல்களைப் போட்டு 5–5 எனச் சமப்படுத்திற்று. களைப்புற்றிருந்த ஈட்டனியர் மேலதிக நேரம் ஆட மறுத்தனர். மீளாட்டத்துக்காக டார்வென் மீண்டும் இலண்டன் செல்ல வேண்டியதாயிற்று. அது 2–2 என முடிய, மூன்றாம் முறையும் பயணம். மூன்றாவது ஆட்டத்தில் 6–2 எனத் தோல்வி. ஊரவரும் ஆலைத் தொழிலாளரும் சந்தா திரட்டியே பயணச் செலவைச் சமாளித்தனர்.

ஏட்டளவில் இது இரு குழுக்களுக்கிடையிலான சமத்துவமான போட்டியாகும். இரு தரப்புக்கும் பதினொருவர், ஒரே பந்து, ஒரே விதிகள். ஆயினும் ஒரு தரப்பு ஓய்வெடுத்துத் தன்னூரிலேயே காத்திருக்க, மற்றத் தரப்பு இருநூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தை மும்முறை கடந்து, கூலியையும் இழந்து ஆடிற்று. சட்டத்தின் முன் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வும் என்னும் முதலாளித்துவ முரண்பாடு இங்கே துலக்கமாகத் தெரிகின்றது. ஈட்டனியர் மேலதிக நேரம் ஆட மறுத்தமை லங்காஷயரில் நெடுங்காலம் மனக்குறையாகப் பேசப்பட்டது. ஆட்டத்தை அலசத் தொடங்கியவர்கள், எவர் நேரத்தை உடையவர், எவர் பயணச் செலவை இறுப்பவர், எவர் விதியை வகுப்பவர் என்ற வினாக்களை எட்டாமல் இருக்க முடியாது.

3

நான்காண்டுகளின் பின், 1883 மார்ச் 31 ஆம் திகதி, நிலைமை தலைகீழாயிற்று. பிளாக்பேர்ன் ஒலிம்பிக் கழகம் மேலதிக நேரத்தில் 2–1 என அதே ஈட்டனியரை வென்று கிண்ணத்தை வடக்கே கொண்டு சென்றது. அக்குழுவில் நெசவாளரும், நூற்பாளரும், இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளரும் இருந்தனர். தலைவர் அல்பேட் வோர்பேட்டன் நீர்க்குழாய் வேலை செய்பவர். வெற்றிக் கோலைப் போட்ட ஜிம்மி கொஸ்ட்லி நூற்பாலைத் தொழிலாளி.

இவ்வெற்றி பற்றியும் விவாதம் எழுந்தது. ஈட்டனியர் தரப்பில் ஒருவர் காயமுற்று வெளியேறியதால் அவர்கள் பத்துப் பேருடன் ஆட நேர்ந்தது என்பது ஒரு வாதம். ஒலிம்பிக் குழுவினர் ஜக் ஹன்டரின் வழிகாட்டலில், பிளாக்பூல் கடற்கரையில் தங்கி முன்கூட்டியே பயிற்சி பெற்றனர்; இது கனவான்களின் ஆட்டத்துக்கு ஒவ்வாதது என்பது மற்றொரு வாதம். பின்னைய வாதத்தின் உட்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. ஓய்வு நேரத்தை இயல்பாகவே உடைய வர்க்கத்துக்குப் பயிற்சி தனியாகத் தேவைப்படவில்லை. அல்லது பயிற்சி எனப் பெயரிட வேண்டியிருக்கவில்லை. ஆலைத் தொழிலாளி பயிற்சி பெறுவதாயின் அவனது கூலியை எவரேனும் ஈடுசெய்ய வேண்டும். ஒலிம்பிக் கழகத்துக்கு அவ்வுதவியை அளித்தவர் இரும்பு வார்ப்பாலை உரிமையாளரான சிட்னி யேட்ஸ்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1883 இன் வெற்றியைப் பாட்டாளி வர்க்கத்தின் தனி வெற்றியாகப் போற்றுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். தென்புலத்து உயர்குடியினரின் ஏகபோகத்தை உடைத்ததில் தொழிலாளரின் திறமையும் வடபுல முதலாளிகளின் பணமும் ஒருங்கே செயற்பட்டன. 1885 ஜூலையில் ஊதிய ஆட்டம் சட்டபூர்வமாக்கப்பட்டது. 1888 இல் 12 கழகங்களுடன் லீக் அமைப்புத் தோன்றிற்று. தொழிலாளி தனது ஆட்டத்திறனுக்குக் கூலி பெறும் உரிமையை வென்றான். அதே வேளையில் அத்திறன் விற்பனைப் பண்டமாயிற்று. கழகங்கள் வரையறுக்கப்பட்ட கம்பனிகளாயின. ஆட்டக்காரரின் கூலியைக் கொடுக்கவியலாத ஒலிம்பிக் கழகம், கிண்ணத்தை வென்று ஆறாண்டுகளில், 1889 இல் மறைந்துபோயிற்று. டார்வென் 1891 இல் லீக்கிற் சேர்ந்து 1899 இல் வெளியேறிற்று.

4

ஆட்டம் பண்டமாகியபோது இரசிகர் நுழைவுச்சீட்டு வாங்கும் நுகர்வோராயினர். ஆயினும் அவர்கள் நுகர்வோராக மட்டும் இருந்துவிடவில்லை. மன்செஸ்டரிலிருந்து 1875 முதல் வெளிவந்த ‘அத்லெட்டிக் நியூஸ்’, பேமிங்ஹமில் 1897 இல் தொடங்கிய ‘ஸ்போட்ஸ் ஆர்கஸ்’, ஷெபீல்டில் 1907 இல் தோன்றிய பச்சை நிறத் தாள் ஆகியன ஆட்டச் செய்திகளைப் பரப்பின. சனிக்கிழமை மாலையிலேயே கிடைத்த விளையாட்டுத் தாள்களை வாசித்து, தாம் கண்டதோடு ஒப்பிட்டு, செய்தியாளரின் கணிப்பை மறுப்பது பழக்கமாயிற்று. எழுத்தறிவு பரவலான காலத்தில் உருவான வாசகர் கூட்டம் இது என்பதை இலக்கிய மாணவர் மனங்கொள்ளுதல் தகும்.

ஜே. பி. பிரீஸ்ட்லி 1929 இல் வெளியிட்ட ‘த குட் கொம்பானியன்ஸ்’ நாவலின் தொடக்கத்தில், வடபுலக் கற்பனை நகரொன்றில் ஆட்டம் பார்த்துத் திரும்பும் தொழிலாளர் திரளைச் சித்திரிக்கின்றார். ஒரு ஷில்லிங் கொடுத்து உள்ளே செல்பவன் ஒரே வேளையிற் கட்சிக்காரனும் விமர்சகனும் ஆகின்றான் என்பது அவரது அவதானிப்பு. இதன் சமூக அடிப்படையை நாம் மேலும் ஆராயலாம். ஆலையில் அவனது வேலையை அளப்பவர் மேற்பார்வையாளர், குறைகூறுபவரும் அவரே. வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும் மற்றொருவரின் உழைப்பை மதிப்பிடும் உரிமை அவனுக்குக் கிடைக்கின்றது. அம்மதிப்பீடும் தொழிலாளியின் அளவுகோலையே கொண்டது. முழு மூச்சுடன் உழைத்தானா, சக ஆட்டக்காரனுக்குத் துணை நின்றானா, தெரிந்த வேலையைச் செம்மையாகச் செய்தானா என்பனவே அவன் கேட்கும் வினாக்கள். தோல்வியை மன்னிக்கும் இரசிகன் சோம்பலை மன்னிப்பதில்லை.

ஆனால் விமர்சிக்கும் உரிமை நிருவகிக்கும் உரிமையாக மாறவில்லை. இரசிகர்கள் சிறுசிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தில் பல மைதானங்களிற் கூரைகளும் படிவரிசைகளும் எழுந்தன. 1927 இல் அமைந்த ஆதரவாளர் கழகங்களின் தேசியக் கூட்டமைப்பு, உதவி செய்தல், இடையூறு செய்யாதிருத்தல் என்பதையே தன் குறிக்கோளாக அறிவித்தது. உரிமையற்ற உழைப்பின் கருத்தியல் இதனிலும் சுருக்கமாக வெளிப்படுதல் அரிது.

இதனோடு இணைத்து நோக்கவேண்டியது, சிறிய கழகம் பெரிய கழகத்தை வீழ்த்துவதை இராட்சத வதமாகக் கொண்டாடும் மரபாகும். 1972 பெப்ரவரி 5 ஆம் திகதி, லீக்கிற்கு வெளியே இருந்த ஹெரிபர்ட் யுனைற்றட், மீளாட்டமொன்றில் முதற்பிரிவுக் கழகமான நியூகாசிலை மேலதிக நேரத்தில் 2–1 என வென்றது. நெடுந்தூரத்திலிருந்து முதற் கோலை அடித்த ரொனி ராட்போட் தொழிலால் தச்சர். தொலைக்காட்சி அக்காட்சியை ஆண்டுதோறும் மீண்டும் காட்டி வந்திருக்கின்றது. அவ்வெற்றி உண்மையானது, மகிழ்ச்சியும் உண்மையானது. ஆயினும் அரிதாக நிகழும் ஒன்றை அமைப்பின் இயல்பாகக் காட்டும்போது அது கருத்தியற் பணியொன்றை ஆற்றுகின்றது. தச்சர் ஒருவர் ஒருநாள் வெல்லக்கூடுமாயின் அமைப்பு நீதியானதே என்ற மயக்கம் பிறக்கின்றது. அதே ஹெரிபர்ட் யுனைற்றட் கடன்சுமையால் 2014 டிசம்பரில் நீதிமன்ற ஆணைப்படி கலைக்கப்பட்டது. அதற்கு முன்னரே ஆதரவாளர் பலர் உரிமையாளரின் போக்கை எதிர்த்து மைதானத்தைப் பகிஷ்கரித்திருந்தனர். பின்னர் அவர்களின் பங்களிப்புடன் புதிய கழகம் உருவாயிற்று.

தோல்வியின் பின்னரான விவாதம், வெற்றிக் கொண்டாட்டத்திலும் கூர்மையானதாக அமைவதன் காரணம் இதுவே. வெற்றி அமைப்பை மறைக்கின்றது. தோல்வி அதை வெளிக்காட்டுகின்றது. மானத்தோடு தோற்றார்கள் என்ற ஆறுதல், தத்தம் நிலையை ஏற்றுக்கொள்ளச் செய்யும் ஆறுதலாகவும் அமையக்கூடும். வென்றிருக்க வேண்டும் என்ற கோபமோ, தமது தரப்பைச் சமமானதாகக் கருதும் கோபமாகும்.

5

விவாதம் உரிமைக் கோரிக்கையாக மாறிய கட்டத்தை விம்பிள்டன் கழகத்தின் வரலாறு துலக்குகின்றது. 1975 இல், லீக்கிற்கு வெளியே இருந்த அக்கழகம், முதற்பிரிவுக் கழகமான பேர்ன்லியை அதன் மைதானத்திலேயே வென்றது. அடுத்த சுற்றில், நடப்புச் சம்பியனான லீட்ஸ் யுனைற்றட்டுக்கு எதிராகக் கோல் காப்பாளர் டிக்கி கை தண்டனை உதையைத் தடுக்க, ஆட்டம் 0–0 என முடிந்தது. மீளாட்டத்தில், விம்பிள்டன் வீரர் ஒருவரின் உடலிற் பட்டுத் திசைமாறிய பந்தினால் 1–0 எனத் தோல்வி. அது துரதிர்ஷ்டமா, தவறா என இரசிகர் விவாதிப்பதற்கு இதனிலும் பொருத்தமான ஆட்டம் இருக்கமுடியாது. 1977 இல் லீக்கில் இடம்பெற்று, 1988 இற் கிண்ணத்தையே வென்ற அக்கழகத்தை, உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸ் நகருக்கு இடமாற்ற முற்பட்டனர். 2002 மே மாதத்தில், உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த ஆணைக்குழு அதற்கு அனுமதி வழங்கிற்று.

ஆதரவாளர் சில வாரங்களிலேயே தமக்கெனப் புதிய கழகத்தை அமைத்து, பொது வெளியில் ஆட்டக்காரரைத் தேர்ந்து, வட்டார லீக்கொன்றிலிருந்து தொடங்கினர். 2012 டிசம்பரில் அப்புதிய கழகமும், இடம்பெயர்க்கப்பட்ட கழகமும் கிண்ணப் போட்டியில் முதன்முறை சந்தித்தன. இறுதிக் கணத்திற் கோல் ஒன்றை விட்டு, 2–1 எனப் புதிய கழகம் தோற்றது. அங்கே விவாதம் ஆட்டத்துக்கு முன்னரே தொடங்கியிருந்தது: அம்மைதானத்துக்குச் செல்வதே சரியா? சென்றவரும் இருந்தனர், மறுத்தவரும் இருந்தனர். நாம் முன்னர் கூறிய இரு வினாக்களும் இங்கே வெளிப்படையாக ஒன்றாயின.

விம்பிள்டன் தனித்த நிகழ்ச்சியன்று. ஆதரவாளர் பொறுப்பு நிதியம் என்னும் அமைப்பு 1992 இல் நோதாம்ப்டன் நகரக் கழகத்தின் நெருக்கடியின்போது தோன்றிற்று. எக்ஸிற்றர் சிற்றி கழகத்தை அதன் ஆதரவாளர் 2003 இற் பொறுப்பேற்றனர். அப்போது அது லீக்கிலிருந்து தள்ளப்பட்டுக் கடனில் மூழ்கியிருந்தது. 2005 ஜனவரி 8 ஆம் திகதி, மன்செஸ்டர் யுனைற்றட்டின் மைதானத்தில் 67,551 பேர் முன்னிலையில் அது 0–0 எனச் சமநிலை கண்டது. எக்ஸிற்றரில் நடைபெற்ற மீளாட்டத்தில் 2–0 எனத் தோற்றது. லீக் ஆட்டங்களின் நுழைவு வருமானத்தைப் பகிரும் வழக்கம் 1983 இற் கைவிடப்பட்டிருந்த போதிலும், கிண்ணப் போட்டிகளில் அது நீடித்தமையால், அவ்விரு ஆட்டங்களின் வருமானம் கழகத்தின் கடனைத் தீர்க்கப் பெரிதும் உதவிற்று. ‘வென்றிருக்கலாமா?’ என்ற வினா இங்கு வேறு பொருள் பெறுகின்றது. சமநிலையே வெற்றியாகவும், தோல்வியே வாழ்வாதாரமாகவும் அமைந்த விசித்திரம் அது. ஆட்டத்தின் முடிவையே கடன் கணக்கோடு சேர்த்து வாசிக்க வேண்டிய நிலைக்கு உழைக்கும் இரசிகர் தள்ளப்பட்டனர். அதே வேளையில், அக்கணக்கை முதன்முறையாகத் தமது கையில் வைத்து வாசித்தனர்.

6

ஆதரவாளர் உடைமை முதலாளித்துவத்தை ஒழித்துவிடும் என நாம் கூறவரவில்லை. கடலின் நடுவே அமைந்த சிறு தீவுகளாகவே இக்கழகங்கள் உள்ளன. தாம் வளர்த்த இளம் ஆட்டக்காரரைச் செல்வக் கழகங்களுக்கு விற்றே அவை தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியுள்ளது. 2025 இல் நிறைவேற்றப்பட்ட உதைபந்தாட்ட நிருவாகச் சட்டம் சுதந்திர ஒழுங்குபடுத்துநர் ஒருவருக்கு வழிசெய்து, முக்கிய விடயங்களில் இரசிகரைக் கலந்தாலோசிக்குமாறு கழகங்களைக் கோருகின்றது. கலந்தாலோசித்தல் உடைமையாகாது. எனினும் 1927 இன் குறிக்கோளோடு ஒப்பிடுமிடத்து, கடந்து வந்த தூரம் புலனாகும்.

இறுதியாக, இவ்வரலாறு நெடுகிலும் வந்த மீளாட்டத்தைச் சிறிது கவனிப்போம். 1879 இல் மீளாட்டம் டார்வெனுக்குத் தண்டனையாக இருந்தது. செலவு ஏழைகளுடையது, மைதானம் செல்வருடையது. 1972 இல் அது ஹெரிபர்ட்டுக்குத் தன் மண்ணில் வெல்லும் வாய்ப்பாயிற்று. 2005 இல் எக்ஸிற்றருக்கு உயிர்மூச்சாயிற்று. விதி ஒன்றே, அதன் பொருளை நிர்ணயித்தவை சமூக உறவுகள். அது எளியோருக்குப் பயன்படும் விதியாக மாறிவிட்ட நிலையில், 2024–25 பருவம் முதல், கிண்ணப் போட்டியின் முதற் சுற்றிலிருந்தே மீளாட்டங்கள் நீக்கப்பட்டன. ஐரோப்பியப் போட்டிகளால் நாட்காட்டியில் இடமில்லை என்பது கூறப்பட்ட காரணம். அதாவது, பெரிய கழகங்களுக்கு நேரமில்லை. 1879 இல் ஈட்டனியர் ஆட மறுத்ததும் மேலதிக நேரத்தையே.

கீழ்நிலைக் கழகங்கள் பல இம்முடிவைக் கண்டித்தன. தம்மைக் கலந்தாலோசிக்கவில்லை என முறையிட்டன. அக்கண்டனத்தின் மொழி நிருவாகிகளின் அறிக்கைகளில் மட்டும் உருவானதன்று. நூற்றாண்டுக்கு மேலாக, தோற்ற ஆட்டங்களை அலசி அலசி, எங்கே பிழை நேர்ந்தது எனத் தம்முள் வாதிட்டவர்களின் பேச்சிலும் அது உருவாயிற்று. ஆட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று கூறும் மார்க்சியவாதி அப்பேச்சைச் செவிமடுத்திருப்பாராயின், தாம் கூற விரும்பியவற்றுட் சிலவற்றை அவர்கள் ஏற்கெனவே கூறிக்கொண்டிருப்பதைக் கேட்டிருப்பார். எமது விமர்சகர்கள் மக்களின் விமர்சனத்தைக் கற்பதற்கு இது ஒரு தொடக்கமாக அமையட்டும்.